பூச்சடைப் படம்

மெஷின் இன்னும் வெறும் வெள்ளையைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஓரத்துக்கு விடுகிற வெள்ளை அது, ஒரு சாண் வரும், அப்புறம்தான் படம் தொடங்கும். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்தாறு தடவை எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டேன். உள்ளே மை அடிக்கிற பெட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு நூல் அளவு காகிதம் வெளியே வருகிறது. ஆளுயரப் படம், தலையிலிருந்து கால்வரை வந்து சேர ஒரு மணி நேரம் பிடிக்கும், அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் டிபன் சாப்பிட்டு வாங்க சார் என்று நஸ்ரீன் சொன்னாள். இந்த லேபில் மெஷின் பார்க்கிறவள் அவள். நான் போகவில்லை. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில்தான் தூத்துக்குடி ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கினாள். அவளை நேராக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு காப்பி கொடுத்துப் படுக்கவைத்திருக்கலாம். ஆட்டோவில் ஏறும்போதே நஸ்ரீன் போன் செய்துவிட்டாள், இப்பவே வந்து நின்னு பார்த்து ஓகே சொன்னாத்தான் ஆச்சு, மத்தியானம் கல்யாண ஆல்பம் ஏறிடும் என்று. நாளைச் சாயங்காலம் நான் எடுத்த படங்களின் கண்காட்சி திறக்கிறார்கள். அதற்குத்தான் அம்மாவே வந்திருக்கிறாள். "என்னய்யா படம் வருது?" என்று உட்கார்ந்ததும் கேட்டாள். நம்ம வீட்டுப் படந்தாம்மா என்றேன். "எது?" பூச்சடைப் படம் என்றேன். ம் என்றாள். அவ்வளவுதான். கூடையை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றி வைத்தாள். அந்த ம் எனக்குள் போய் மாட்டிக்கொண்டது. சரி என்கிற ம்மா, தெரியும் என்கிற ம்மா, இல்லை ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தவள் சொல்கிற வெறும் ம்மா. நாற்பது வயதாகிறது எனக்கு, என் அம்மாவின் ஒரு ம்முக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை.

பூச்சடைப் படம் என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான். உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளை. மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு குழந்தை பட்டுப்பாவாடை சட்டை போட்டு முக்காலி மேல் நிற்கிறது. பின்னால் முட்டை வடிவத்தில் பெரிய நிலைக்கண்ணாடி, அதில் சடை தெரிகிறது, தாழம்பூவும் மல்லிகை மொட்டுமாக வைத்துத் தைத்த சடை, முனையில் குஞ்சலம். முகம் நம்மைப் பார்க்கிறது, முதுகு கண்ணாடியில் தெரிகிறது, ஒரே படத்தில் இரண்டும் வேண்டும் என்று அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை. அது நான்தான். நான்தான் என்று கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆண் பிள்ளைக்கு முதல் மொட்டை போடுவதற்கு முன்னால், இவ்வளவு முடி வளர்ந்திருக்கிறதே, ஒரு தடவையாவது பின்னிப் பார்த்துவிடலாம் என்று அம்மாக்களுக்கு ஆசை வந்துவிடும். பெண் பிள்ளை மாதிரி சோடித்து, சவுரி வைத்துப் பின்னி, பூத் தைத்து, ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் திருச்செந்தூரில் மொட்டை. இப்படி ஒரு படம் பாதி ஆம்பளைகளின் வீட்டுப் பீரோவுக்குள் துணிக்கு அடியில் ஒளிந்திருக்கும், பெரிய மீசை வைத்தவர்கள் வீட்டிலும். எங்கள் வீட்டில் மட்டும் ஒளிக்கவில்லை. நடுச்சுவரில், சாமி படங்களுக்குக்கூட ஒரு பிடி மேலே தொங்கியது. யார் வந்தாலும் இது யாரு பிள்ளை என்பார்கள், இவந்தான் என்பாள் அம்மா, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எந்தத் தெருவுக்குக் குடிபோனாலும் ஒரே வாரத்தில் அங்கிருக்கும் பையன்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஏல மந்திரம், ஒன்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காவளாம்ல என்பான் ஒருத்தன். இன்னொருத்தன் என் பின்கழுத்தைத் தடவிப் பார்த்து, சடை எங்கல போச்சு என்பான். மந்திரமூர்த்தி என்று கம்பீரமாகப் பெயர் வைத்துவிட்டு இந்த வேலையும் பார்த்திருக்கிறார்களே என்று எனக்கு அழுகையாக வரும். ஏழாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றப் போனேன். என்னை ஒரு சுடுசொல் சொல்லாத அம்மா, கையில் இருந்த தோசைக் கரண்டியாலேயே அடித்தாள். புறங்கையில் தழும்பு இப்போதும் இருக்கிறது, பார்க்கிறேன், இருக்கிறது. ஒரு படத்துக்காகவா என்று அன்றைக்கு நினைத்தேன். அதோடு நினைப்பதை விட்டிருக்கிறேன்.

வெள்ளை முடிந்துவிட்டது. மேல் விளிம்பில் ஒரு சாம்பல் நிறம் கசிகிறது, ஸ்டுடியோவின் திரை. அதில் மாடிப்படியும் அல்லிக் குளமும் வரைந்திருக்கும், சின்னப் படத்தில் அது வெறும் அழுக்கு மாதிரித் தெரியும், இவ்வளவு பெரிதாக்கினால் தூரிகை போன தடம்கூடத் தெரிகிறது. சார், டோன் ஓகேவா என்கிறாள் நஸ்ரீன். ஓகே என்கிறேன். நான் டோனைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன். அவள் சுவரில் ஒட்டியிருக்கும் யாரோ ஒரு கல்யாண ஜோடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இந்தப் பிள்ள கழுத்துல கெடக்கது அசல்னா நினைக்க?" என்கிறாள். தெரியலம்மா என்கிறேன். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நான்தான் அளவுக்கு மீறி யோசிக்கிறேன். அல்லது எல்லாம் தெரிந்துதான் கழுத்துச் சங்கிலியைப் பற்றிக் கேட்கிறாள். நிறுத்தச் சொல்லிவிடலாமா. அந்தப் பச்சை பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று இருக்கிறதே, அதை அமுக்கினால் நின்றுவிடும். ஒரு காகிதம் வீணாகும். அவ்வளவுதானே.

எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் கணக்குப் பார்த்தார், எந்த வீட்டிலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் நாங்கள் இருந்ததில்லை. போல்டன்புரம், பிரையண்ட் நகர், அப்புறம் உப்பளத்துக்குப் பக்கத்தில் சுவரெல்லாம் பொரிந்து கொட்டுகிற ஒரு வீடு, தூத்துக்குடியை நாங்கள் சாமான் வண்டி மேல் இருந்துதான் சுற்றிப் பார்த்தோம். புது வீட்டுக்குப் போனால் எல்லாரும் முதலில் பால் காய்ச்சுவார்கள். எங்கள் அம்மா முதலில் ஆணி அடிப்பாள். பால் அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் படம் சுவரில் ஏறிவிடும். ஆணி அடிக்கக்கூடாது என்று ஒரு வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், அன்றைக்கு ராத்திரி படத்தைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள், மறுநாள் அவர் இல்லாத நேரம் பார்த்து அடித்துவிட்டாள். எனக்கு வீடு என்றால் அந்த ஆணிதான். கதவு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஒன்றுக்கொன்று குழம்பிவிட்டது, ஆணி இருந்த இடம் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் நினைவிருக்கிறது. அதைத்தான் நான் இந்த ஆறு மாசமாகப் படம் எடுத்தேன். நாங்கள் குடியிருந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனேன். இப்போது இருக்கிறவர்களிடம் கெஞ்சி, பழைய ஆணித் துளையைத் தேடி, அதில் அந்தப் படத்தை மறுபடி மாட்டி, அவர்களையும் அதன் கீழே உட்காரவைத்து எடுத்தேன். ஒரு வீட்டில் துளையை அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், ஆனாலும் கை நேராக அங்கே போய்விட்டது. ஒரு வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண், இது யாருண்ணே, உங்க பாப்பாவா என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எடுத்த படம்தான் அழைப்பிதழில் இருக்கிறது.

கண்காட்சியை ஏற்பாடு செய்கிற லீனா அதற்கு நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். ஆண் உடலின் மேல் ஒரு நாள் மட்டும் அனுமதிக்கப்பட்ட பெண்மை என்று ஒரு வரி, இடமற்றவனின் ஒரே நிரந்தர முகவரி அவனுடைய முகமே என்று ஒரு வரி. படித்துவிட்டு எனக்கே என் மேல் மரியாதை வந்தது. ஒரு பத்திரிகைக்காரர் பேட்டி எடுத்தார். அந்த ஸ்டுடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதே, நன்றாக இருக்கிறதே. பின்கழுத்தில் தாழம்பூ மடல் அறுக்கிறது. முகத்தில் பவுடர் வாடை. விளக்கின் சூட்டில் நெற்றி வேர்க்கிறது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட ஒருவர், பாப்பா இங்க பாரு, காக்கா பாரு என்கிறார். பாப்பா என்று கூப்பிட்டதும் எனக்குக் கோபம் வருகிறது. பச்சை நிறத்தில் ஒரு கதவுத்திரை. படத்தில் நிறமே கிடையாது, பச்சை எங்கிருந்து வந்தது, ஆகவே அது உண்மையான ஞாபகம்தான் என்று அந்தப் பத்திரிகைக்காரரிடம் வாதாடக்கூடச் செய்தேன். அவர் அதையும் எழுதிவிட்டார். அச்சில் வந்திருக்கிறது. பச்சைத் திரை.

கண்ணாடியின் மேல் வளைவு வந்துவிட்டது. அதற்குள் ஒன்றுமில்லை, இன்னும் வெறும் இருட்டுத்தான். அப்புறம் பூ. குழந்தையின் உச்சந்தலைப் பூ ஒவ்வொரு மொட்டாக வருகிறது. அம்மா இப்போது கல்யாண ஜோடியை விட்டுவிட்டு மெஷினைப் பார்க்கிறாள். ஆறு மாசத்துக்கு முன்னால் இந்தப் படத்தைத் தாம்மா, வேலை முடிந்ததும் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்று கேட்டபோது இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. அப்புறம் தன் பழைய சேலை ஒன்றில் சுற்றிக் கொடுத்தாள். "சட்டத்தப் பிரிக்காத, கேட்டியா?" என்றாள். பிரிக்கமாட்டேன் என்றேன். போன வாரம் பிரித்தேன். வேறு வழி இல்லை, கண்ணாடியோடு ஸ்கேன் செய்தால் மினுங்குகிறது. பின்னால் அடித்திருந்த தகரத்தை நிமிர்த்தி, அட்டையை எடுத்து, படத்தைக் கையில் வாங்கினால், நாங்கள் இத்தனை வருஷம் பார்த்த படத்தைவிட அது ஒரு விரல் அகலம் அதிகம். வலது ஓரத்தில் ஒரு அட்டைத் துண்டை வெட்டி வைத்து மறைத்திருந்தார்கள். மறைத்திருந்த இடத்தில் நிலைக்கண்ணாடியின் மீதி ஓரம். அதில் ஏதோ கறை. பூஞ்சை என்று நினைத்தேன், பழைய படங்களில் பூஞ்சை இருக்கும். கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்துக்கொண்டு வந்தேன், நெற்றியில் இருந்ததைத் துடைத்தேன், பாவாடையில் இருந்ததைத் துடைத்தேன், கண்ணாடி ஓரத்துக்கு வந்து அந்தக் கறையைப் பெரிதாக்கினேன். அது கறை இல்லை. சேலைக் கொசுவம். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் கண்ணாடியில் விழுந்திருக்கிறாள். கண்ணாடியின் வளைவு முகத்தை வெட்டிவிட்டது, தோளிலிருந்து கீழே தெரிகிறது. ஒரு கை. அந்தக் கையின் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன், எனக்கு முகம் வேண்டியதில்லை. கை வயிற்றின் மேல் இருக்கிறது. வயிறு நிறைமாச வயிறு.

அன்றையிலிருந்து இதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. பாவாடை கட்டி நிற்கிறது நான் என்றால் வயிற்றில் இருக்கிறது யார். அந்தப் பிள்ளை எங்கே. வயிற்றில் இருக்கிறது நான் என்றால் பாவாடை கட்டி நிற்கிறது யார். எப்படிக் கூட்டினாலும் ஒரு பிள்ளை குறைகிறது. எனக்குப் பின்னால் ஒன்று உண்டாகி இறந்து பிறந்திருக்கலாம், அப்படி எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது, அதை யாரும் பேசமாட்டார்கள். அப்படித்தான் இருக்கும். இல்லை, அப்படியானால் ஏன் அட்டை வைத்து மறைக்க வேண்டும். மறைத்தது அம்மாவாக இல்லாமல், அளவு சரியாக வரவில்லை என்று சட்டம் போட்டவனே வெட்டி வைத்ததாக இருக்கலாம். இருக்கலாம். ஆனால் எனக்கு நாலு வயதுக்கு முந்தின படம் வேறு ஒன்றுகூட இல்லையே, தவழ்கிற படம், மொட்டைத் தலைப் படம், ஒன்றும். பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எடுத்ததுதான் முதல் படம், அதையும் வீட்டில் மாட்டவில்லை. நான் கேமரா தொழிலுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. சின்னத் தொழில் என்று நினைக்கிறாள் போல என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார், எந்த வீட்டிலும். அந்தப் பக்கம் காற்று வரும் என்பார். எல்லா வீட்டிலுமா காற்று அந்தப் பக்கமே வரும். பெரியத்தை எப்போதாவது வந்தால், எல்லாரும் படத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது அவள் மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள். தை மாசம் ஒருநாள் அம்மா யாராவது பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டுப் பாவாடைத் துணி கொடுப்பாள், என்னம்மா இது என்றால் ஒனக்கு நேர்ந்தது என்பாள். எனக்கு நேர்ந்தால் எனக்கல்லவா டவுசர் எடுத்துத் தரவேண்டும் என்று நான் கேட்டதுகூட ஞாபகம் வருகிறது. இத்தனையும் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. பார்ப்பதுதான் என் தொழில் என்று மேடை போட்டுப் பேசுகிறவன் நான்.

அழித்துவிடலாம் என்றும் பார்த்தேன். பக்கத்து இருட்டை எடுத்து அந்த இடத்தில் அப்பினால் போதும், சுட்டியை நாலு தரம் அமுக்குகிற வேலை. அப்பினேன். கை போயிற்று, வயிறு போயிற்று. கண்ணாடி பளிச்சென்று இருந்தது, லீனாவின் கட்டுரையில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெற்ற அம்மாவைத் துடைத்துவிட்டு அவளை முன்வரிசையில் உட்காரவைக்கப்போகிறோமே என்றிருந்தது. திரும்ப வரவைத்துவிட்டேன். வரவைத்த படத்தைத்தான் நஸ்ரீனிடம் கொடுத்தேன். அம்மா நாளைக்குக் கூட்டத்தில் அதைப் பார்ப்பாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கோழைத்தனமாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். இப்படி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நூல் ஒரு நூலாகப் பார்ப்பாள் என்று நினைக்கவில்லை. அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரத்த அழுத்தம் இருக்கிறது. அவள் மூடி வைத்த ஒன்றை நான் யார் திறக்க. என் பிள்ளைப் பருவம் என்று நான் ஊரெல்லாம் காட்டப்போவது இன்னொரு பிள்ளையினுடையது என்றால் நான் யாரைக் காட்டுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம், அதைவிட, அது நான் இல்லை என்று அவள் வாயால் கேட்டுவிடுவோமோ என்று பயம்.

நெற்றி வருகிறது. பொட்டு, ஒரு ரூபாய் அகலத்துக்கு. அப்புறம் கண். மெஷின் ஒரு தடவை இந்தக் கோடிக்குப் போகிறது, இமை. திரும்பி வருகிறது, கருவிழி, அதற்குள் ஸ்டுடியோ விளக்கின் வெள்ளைப் புள்ளி. அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளே எனக்காக வாங்கிவந்த மக்ரூன் பொட்டலம் சரிகிறது, அவள் அதைக் கவனிக்கவில்லை. எழுந்து மெஷினிடம் போகிறாள். அம்மா தொட்டுடாதீங்க, மை ஈரம் என்கிறாள் நஸ்ரீன். "தொடல, தொடல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள் அம்மா. நான் சிவப்பு பட்டனைப் பார்க்கிறேன். சார், இப்ப நிறுத்தினா அவ்ளோதான் என்று நஸ்ரீன் என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள், ஏதோ கோடு விழுந்துவிட்டது என்று நான் யோசிப்பதாக அவள் நினைக்கிறாள். மூக்கு வந்தது. இந்த மூக்கை வைத்துத்தான் எல்லாரும் அப்படியே நீதான் என்பார்கள். உதடு வந்தது, அழுது முடித்த உதடு. கண்ணாடிக்குள் சடையின் முதல் மடல். வலது ஓரத்தில், இருட்டிலிருந்து, ஒரு தோள். அப்புறம் கை. அம்மா அப்படியே நிற்கிறாள். சுண்டுவிரல் வந்தது. தன் கையைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து, விரலைப் பார்த்துக்கொள்கிறாள், மெஷினிலிருந்து வருகிற விரலையும் பார்க்கிறாள்.

"பிரிச்சிட்டியோ" என்றாள். கோபம் இல்லை. கண்ணாடி மினுங்கிச்சும்மா என்றேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது அதுதான். "அந்தப் போட்டோக்காரரு அப்பவே சொன்னாரு, நீங்க கண்ணாடியில விழுந்திட்டீங்க, இன்னொண்ணு எடுக்கட்டுமான்னு. பிள்ளை அழுதிட்டு இருந்தா. போதும்யான்னு சொல்லிட்டேன்." அழுதிட்டு இருந்தா. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். யாரும்மா அது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது. "சந்தனமாரி" என்றாள். அந்தப் பெயரை அவள் சத்தமாகச் சொல்லி எவ்வளவு காலமாயிற்றோ. "ஒனக்கு அக்கா. ஒன்ன உண்டாயிருக்கும்போது எடுத்தது இது. மறு வாரம் காய்ச்சல் கண்டு போயிட்டா. படம் எடுத்ததுலதான் கண்ணு பட்டுதுன்னு ஒங்க பெரியத்தை சொன்னாவ. வயித்துல இருக்க பிள்ளைக்கு ஆவாது, கடல்ல கொண்டு போட்டுருன்னு ஒங்க அப்பாவும் நின்னாவ. நான் போட்டாச்சுன்னு சொல்லிட்டு அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன்." படம் இப்போது இடுப்புக்கு வந்துவிட்டது, இரண்டு இடுப்புக்கும், பாவாடை கட்டியதற்கும் சேலை கட்டியதற்கும். "நீ பொறந்து, ஒனக்கு முடி எடுத்து, வேற தெருவுக்குக் குடிபோனோம். அங்க நம்மள ஒருத்தருக்கும் தெரியாது. மொத வேலையா செவத்துல மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, யாருக்கா இந்தப் பொம்பளப் பிள்ளைன்னா. இவந்தான், மொட்ட போடுததுக்கு முன்ன சடை தச்சு எடுத்ததுன்னு வாயில வந்திட்டு. நானா நெனச்சுச் சொல்லல மந்திரம். வந்திட்டு." கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டாள். "செத்த பிள்ளைன்னு சொன்னா படத்துக்கு மால போடணும். வாரவ போறவள்லாம் அய்யோ பாவம்பா. ஒங்க அப்பா எடுத்துருவாவ. நீன்னு சொல்லிட்டா ஒண்ணும் கெடையாது. என் வயிறு மட்டும் தெரியாம அட்ட வச்சு மறச்சிட்டேன். அவ பாட்டுக்குச் செவத்துல இருப்பா, எல்லாரும் சிரிச்ச முகமாப் பாத்துட்டுப் போவாவ. அப்பாவும் அதுக்குப் பொறவு ஒண்ணும் சொல்லல."

சிரித்த முகமாக. என்னை அழவைத்த அத்தனை சிரிப்பும் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என்னை ஏம்மா ஒரு படம்கூட எடுக்கல என்று கேட்டேன், பதில் தெரிந்தே கேட்டேன். "பயம்" என்றாள். "எனக்கு இன்னைக்கும் நீ அந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போனா வீடு வந்து சேருத வரைக்கும் பயந்தான்." அப்படியானால் தாழம்பூ யார் கழுத்தில் அறுத்தது. பச்சைத் திரை யாருடையது. என்னிடம் இருந்ததெல்லாம் அக்காவுடையது, நான் அதைப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் நடந்திருக்கிறேன். அந்த ஸ்டுடியோவில கதவுத்திரை என்ன நிறம்மா என்று கேட்டேன். இந்த நேரத்தில் இவன் என்ன கேட்கிறான் என்று பார்த்தாள். "திரையா? நீலம்னு நெனைக்கேன். இல்ல பச்சையோ. எனக்கு வயித்த இழுத்துப் பிடிச்சிட்டு நிக்கவே நேரம் சரியா இருந்திச்சு. நீ உள்ள கெடந்து அந்த உதை உதைச்ச."

சார், பேர் அட்டையும் அடிச்சிடவா, நீங்க அனுப்பினது அப்படியே இருக்கட்டுமா என்று நஸ்ரீன் கேட்டாள். அவள் எங்கள் பக்கம் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், அது அவளுடைய நல்ல குணம். திரையில் பெரிய எழுத்தில் 'நான், மூன்று வயது' என்று இருந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், படித்தாள். அவ பேரப் போட்டிரட்டுமாம்மா என்றேன். லீனாவிடம் என்ன சொல்வது, கட்டுரையை என்ன செய்வது என்பதெல்லாம் எங்கேயோ போய்விட்டது, உண்மையாகவே கேட்டேன். "வேண்டாம்" என்றாள் உடனே. "அவ பேரப் போட்டா, இப்ப எங்க இருக்கான்னு கேப்பாவ. ஒன் பேர்லயே இருக்கட்டும்யா. இத்தன வருசமும் அப்படித்தான இருந்தா." பொய்யால்லா போயிரும் என்றேன். அவள் படத்துக்கு நேரே குனிந்தாள். ஈரம் என்று சொன்னதை மறக்காமல், விரல் காகிதத்தில் படாதபடி, கண்ணாடி ஓரத்தில் இருந்த அந்த வயிற்றின் மேல் காட்டினாள். "என்ன பொய்? இந்தா இருக்கல்லா நீ."

எனக்குக் கண் மறைத்தது. மறைத்த கண்ணோடேயே பார்த்தேன். சின்னப் படத்தில் ஒரு விரல் அகலமே இருந்த இடம், சேலைக் கொசுவத்துக்கு மேலே, அம்மாவின் கைக்குக் கீழே. என்னுடைய முதல் படம். நஸ்ரீன், வயசை மட்டும் எடுத்துடுங்க, நான்னு மட்டும் இருந்தாப் போதும் என்றேன். ஒண்ணுமே புரியாதே சார் என்றாள். பரவாயில்லை என்றேன்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே மீதியைப் பார்த்தோம். பாவாடைக் கரை வந்தது, கொலுசு வந்தது, ஒரு கால் மற்ற காலின் மேல் ஏறி நின்றது வந்தது. "மருதாணி வச்சு விட்டேன், அதான் கால கீழ வைக்கமாட்டேன்னுட்டா" என்றாள் அம்மா, நேற்று நடந்ததைச் சொல்கிற மாதிரி. முக்காலி வந்தது, வெள்ளை வந்தது, மெஷின் தானாகவே காகிதத்தை வெட்டிவிட்டு நின்றது. சார், காயறதுக்கு அந்த மேஜையில விரிச்சுப் போடணும், மடங்கக் கூடாது, ரெண்டு பேரா தூக்குங்க என்றாள் நஸ்ரீன். நான் போய்க் கால் பக்கம் ஓரத்தைப் பிடித்தேன். அம்மா முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தலைப் பக்கம் நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றாள். மெதுவாகத் தூக்கினோம்.